"ஒரு தடவைதானே மச்சி" என்று போதைப்பொருளை நீட்டும்போது: கேள்வி-பதில்

"நான்லாம் அதைத் தொடவே மாட்டேன்மா" என்கிறான் பத்தாவது படிக்கும் மகன். நம்பலாமா?

அவனை நம்புங்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். வீட்டில் அம்மாவிடம் சொல்லும்போது இருக்கும் உறுதி, நாலு நண்பர்கள் சூழ்ந்து நிற்கும்போது இருக்காது. கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்றாலே இந்த வயதில் துணிச்சல் தலைக்கேறும்; நிதானிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர இருபது வயதைத் தாண்ட வேண்டும். ஆகவே பதில் முன்கூட்டியே நாக்கில் பழகியிருக்க வேண்டும். யார் நீட்டுவார்கள், எந்த இடத்தில், என்ன சொல்லி என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். அந்த நண்பனாக நீங்கள் நடித்து மூன்று முறை வற்புறுத்துங்கள். முதல் மறுப்பிலேயே "சபாஷ்" என்று பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். வெளியே வற்புறுத்தல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். வாரம் ஐந்து நிமிடம் போதும்.

டியூஷன் முடிந்ததும் கூல் லிப் புகையிலையை நீட்டுகிறார்கள். மறுத்தால் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். (பிளஸ் ஒன் மாணவர்)

காரணம் சொல்லாதே தம்பி. "வீட்ல திட்டுவாங்க" என்றால், "தெரியாமப் பாத்துக்கலாம்" என்பார்கள். "எனக்கு வேணாம்டா", அவ்வளவுதான். இரண்டாம் முறையும் அதே சொல். மூன்றாம் முறை பேசாமல் சைக்கிளை எடு. உதட்டுக்குள் அடக்கும் அந்தச் சின்னப் பையில் இருப்பது புகையிலை; நிகோடின் வாயின் மெல்லிய தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும்.

மகன் பையில் வலி மாத்திரை அட்டை கிடைத்தது. கரைத்து ஊசியில் ஏற்றுகிறானோ என்று பயம். உடனே நிறுத்த வைக்கலாமா?

அறையில் பூட்டி நிறுத்த வைக்காதீர்கள். டபென்டடால் போன்ற சில வலி மாத்திரைகள் ஓபியம் வகையைப் போல வேலை செய்பவை. பழகியவர் திடீரென நிறுத்தினால் உடல்வலி, வாந்தி, தூக்கமின்மை படுத்தும். சில நாள் கழித்துத் தாங்காமல் பழைய அளவையே எடுத்தால், அதைத் தாங்கும் சக்தி குறைந்துவிட்ட உடலில் மூச்சே நின்றுபோகலாம். கரைத்து ஏற்றினால் மாத்திரையில் கலந்துள்ள மாவுப்பொருள் ரத்தக்குழாயை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி தொற்றும்.

கோபம் தணிந்தபின் தனியாகக் கேளுங்கள்: எப்போதிலிருந்து, எத்தனை மாத்திரை, எப்படி? அட்டையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14446 கட்டணமில்லா ஆலோசனை எண். தட்டி எழுப்பியும் எழாமல் மூச்சு மந்தமானால், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். தனியே விட்டுப் போகாதீர்கள்.

பள்ளிக்கு எதிர்க் கடையிலேயே விற்கிறார்களே?

கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மருத்துவர் சொல்லாமல் சிறாருக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால், 2015 சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. தமிழ்நாட்டில் 10581 என்ற புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள். கடையின் இடம், விற்கும் நேரம் இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.