தண்டையார்பேட்டை அடுக்ககத்தில் மின்சாரக் கார் சரிப்படுமா?

நண்பரே, மழைநீர் தேங்கும் தெரு, பொது வாகன நிறுத்தம், மணலிக்குப் போய்வர தினமும் 30 கிலோமீட்டர் என்கிறீர்கள். முதலில் பிளக்கைக் கவனியுங்கள். 15 ஆம்பியர் பிளக் மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் தரும். உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரமே போதும். ஆனால் உங்கள் மீட்டரிலிருந்து தனி வயர், சரியான எர்த், அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துபூர்வமான அனுமதி, இவை கைக்கு வராமல் முன்பணம் கட்டாதீர்கள். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிடவே வேண்டாம். பிளக் முனை சூடேறி உருகிக் கருகிவிடும்.

ஐபி67 (தூசியும் நீரும் புகாமல் தடுக்கும் தரக்குறியீடு) பேட்டரி என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். 2023 மிக்ஜாம் வெள்ளமோ நாள்கணக்கில் நின்றது! புயல் எச்சரிக்கை வந்ததுமே வண்டியை மேட்டுக்கு நகர்த்திவிடுங்கள். மூழ்கிய வண்டிக்குச் சார்ஜ் போடாதீர்கள்.