ஸ்காலர்ஷிப் கிடைத்ததும் மீதிப் பணம் கேட்கும் ஏஜென்ட்: கொடுக்கலாமா?

கேள்வி: மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். அகில இந்திய ஜூனியர் டென்னிஸ் ஆடுகிறாள், யுடிஆர் என்ற ஆட்டத் தர எண் 8. அமெரிக்கக் கல்லூரியில் முழு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். இப்போது இரண்டு லட்சம், இடம் கிடைத்ததும் மூன்று லட்சம். கொடுக்கலாமா? ப்ளஸ் டூ முடித்து ஒரு வருடம் டென்னிஸ் மட்டும் ஆடவிட்டு அனுப்பலாமா?
- ஒரு தாய், சேலம்

பதில்: அந்த இரண்டாவது தவணைதான் வில்லங்கம். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் இவ்வளவு என்று பேசிப் பணம் கொடுப்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிக்கு எதிரானது. மகள் ஆடும் தகுதிக்கே சிக்கல் வரும். இன்ன வேலைக்கு இவ்வளவு என்று முன்பே சொல்லி வாங்குபவர் என்றால் தவறில்லை. ஆனால் அந்த வேலையில் முக்கால்வாசியை நீங்களே செய்துவிடலாம்.

என்சிஏஏவின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1-இல், பெண்கள் அணியில் 8 பேருக்கு முழு உதவித்தொகை என்பது பழைய கணக்கு. ஏஜென்ட்டுகள் இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜூனில் என்சிஏஏ மீது கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு மொத்தமே 10 பேர்தான். உதவித்தொகையை யாருக்கு எவ்வளவு என்று பயிற்சியாளர் பிரித்துக் கொடுக்கலாம். இருக்கும் இடங்களிலும் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

அவர்களை ஒரே தராசில் நிறுத்துவது யுடிஆர்தான். கடந்த 12 மாத ஆட்டங்களில் எதிராளியின் தரமும், ஜெயித்த கேம்களும்தான் அதில் கணக்கு. பலமான பெண்ணிடம் 4-6, 5-7 என்று தோற்றாலும் எண் ஏறலாம். சின்னப் போட்டியில் கோப்பை வாங்கியும் ஏறாமல் போகலாம். 8 என்பது நடுத்தர டிவிஷன் 1 அணிகள் சிலவற்றுக்கும், அதற்கு அடுத்த பிரிவான டிவிஷன் 2-இலும், சிறு கல்லூரிகளின் தனி அமைப்பான என்ஏஐஏவிலும் உள்ள நல்ல அணிகளுக்கும் போதும். சின்ன இடம் என்று முகம் சுளிக்காதீர்கள். மதுரையின் தக்‌ஷிணேஸ்வர் சுரேஷ் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு என்ஏஐஏ கல்லூரியில் தொடங்கி, டிவிஷன் 1 பல்கலைக்கழகமான வேக் ஃபாரஸ்ட் போய், 2025-இல் தேசியப் பட்டம் வென்ற அணியில் ஆடினார். அதே ஆண்டு டேவிஸ் கோப்பையிலும் இந்தியாவுக்காக இறங்கினார்.

கல்லூரி அணிகளின் இணையப் பக்கத்தில் வீராங்கனைகள் பட்டியல் இருக்கும். எந்த அணியில் கடைசி வருடம் படிப்பவர்கள் மூன்று நான்கு பேர் என்று பாருங்கள். அங்கேதான் இடம் காலியாகும். பயிற்சியாளருக்கு மகளே நாலு வரியில் எழுதட்டும்: யுடிஆர், மதிப்பெண், பள்ளி முடிக்கும் வருடம், வீடியோ இணைப்பு. வீடியோவைக் கோர்ட்டின் பின்பக்கக் கம்பிவேலி உயரத்திலிருந்து எடுங்கள். பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டியதைவிட, தொடர்ந்து ஆடிய சில கேம்கள் மேல். இரண்டாவது சர்வ் எப்படி விழுகிறது, தப்பான பந்துக்குப் பிறகு பிள்ளை எப்படி நடந்துகொள்கிறாள் என்பதும் அதில்தான் தெரியும்.

ஒரு வருடம் சும்மா ஆடவிடும் யோசனை வேண்டாம். பள்ளி முடித்து ஆறு மாதம்தான் அவகாசம்; அதற்குமேல் போட்டிகளில் ஆடினால் கல்லூரியில் ஆடும் வருடம் குறையும் என்பதுதான் இதுவரை டென்னிஸ் விதி. பரிசுப் பணம் வாங்கும் முன்பும் அந்தந்த வருட விதியைப் பாருங்கள், அது வழக்குகளால் மாறிக்கொண்டே இருக்கிறது.

நாளைக்கே பள்ளி அலுவலகத்துக்குப் போய் 9-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை முத்திரையோடு வாங்கிவிடுங்கள். மாணவர்களின் தகுதியைச் சரிபார்க்கும் என்சிஏஏ தகுதி மையம் 9 முதல் 12 வரை கேட்கும். நம் வீடுகளில் பத்தாவது சான்றிதழைப் பத்திரப்படுத்துவோம், ஒன்பதாவது எங்கே என்று யாருக்கும் தெரியாது.