கடலுக்காகவே வாழ்ந்தவர்களில் உங்களை அதிகம் பாதித்தவர் யார்?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பெயர்கள் கடல் ஆய்வாளர்களான ழாக் கூஸ்தோ, சில்வியா ஏர்ல். இருவர் மீதும் மரியாதை உண்டு. ஆனால் என் பதில் சதீஷ் பாஸ்கர். கப்பலோ கேமராக் குழுவோ இல்லாமல், பெரும்பாலும் தனியாக, கால்நடையாகவே கடலாமைகளைத் தேடி அலைந்தவர்.

கேரளத்தில் பிறந்தவர். சென்னை ஐஐடியில் சேர்ந்தார், படிப்பை முடிக்கவில்லை. 1970-களில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் சென்னைக் கடற்கரையில் இரவு முழுக்க நடந்து, திருட்டுப் போவதற்கு முன் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சேர்ந்த சதீஷ் அதன் பிறகு நடப்பதை நிறுத்தவே இல்லை. கட்ச் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான், நிக்கோபார் என்று போய்க்கொண்டே இருந்தார். (அந்தச் சென்னை நடையை 1988 முதல் மாணவர்கள் தொடர்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நீங்களும் போகலாம், டார்ச் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.)

நடந்து என்ன செய்தார்? தடம் பார்த்தார். முட்டையிட ஏறும் ஆமை மணலில் எழுதிவிட்டுத்தான் போகும். பங்குனி ஆமையும் அழுங்காமையும் (ஹாக்ஸ்பில்) துடுப்புகளை மாற்றி மாற்றி வைக்கும். பேராமையும் (பச்சை ஆமை) தோணியாமையும் (லெதர்பேக்) இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்து உந்தும். அதையும் தடத்தின் அகலத்தையும் வைத்தே எந்த ஆமை வந்தது என்று சொல்லிவிடலாம். எந்தக் கரையில் எது, எத்தனை என்று அவர் எழுதி வைத்தார். கேட்க சுவாரசியமே இல்லாத வேலை. ஆனால் அந்தக் கணக்கு இல்லாவிட்டால், ஆமைகள் குறைந்துவிட்டன என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

லட்சத்தீவின் சுஹேலி வலியகரையில் பேராமைகள் முட்டையிடுவது மழைக்காலத்தில். அப்போது படகு போகாது. சரி, மழைக்கு முன்பே போய் உட்கார்ந்துவிடலாம் என்று 1982-இல் அந்த ஆளில்லாத் தீவில் இறங்கி, மழை ஓயும் வரை மாதக்கணக்கில் தனியாக இருந்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்க்க, வீட்டுக்கே வந்துவிட்டது! அவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன். அப்புறம் இந்தோனேசியாவின் பப்புவாவுக்கும் போய், அங்கே கரையேறிய தோணியாமைகளைக் கணக்கெடுத்தார்.

எனக்கு அவரை நினைவுபடுத்துவது பாட்டிலை விட கலத்தியா விரிகுடாதான். கிரேட் நிக்கோபாரின் தென்கோடியில் இருக்கிறது. தோணியாமைகளுக்கு இந்தியாவில் மிஞ்சியிருக்கும் முக்கியமான கரைகளில் ஒன்று. அங்கே அவை முட்டையிடுவதை முதன்முதலில் பதிவு செய்தவர்களில் சதீஷும் ஒருவர். அந்தக் கரை சரணாலயமாக இருந்தது. 2021 ஜனவரியில், சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்காக அந்தச் சரணாலய அந்தஸ்தை எடுத்துவிட்டார்கள். சதீஷ் 2023-இல் காலமானார். துறைமுகம் வந்தாலும் ஆமைகள் வரும் என்று அதிகாரிகள் சொல்வதை நான் நம்பவில்லை. விளக்கு வெளிச்சத்துக்கே குஞ்சுகள் திசை மாறிப் போவதைச் சென்னைக் கடற்கரையில் பார்க்கிறோமே.