கேள்வி பதில்: யாயா டூரே எங்கே நிற்க வேண்டிய ஆள்?

கேள்வி: பார்சிலோனா கிளப்பில் கால்பந்து வீரர் யாயா டூரே பின்னால் நின்று தடுக்கிறவராகத்தான் தெரிந்தார். அதே ஆள் மான்செஸ்டர் சிட்டிக்குப் போய் 2013-14 சீசனில் 20 லீக் கோல் அடித்தாரே, எப்படி?

பதில்: ஆள் மாறவில்லை, நிறுத்தி வைத்த இடம்தான் மாறியது. ஐவரி கோஸ்ட்டின் புவாக்கேயில் 1983-இல் பிறந்து, அபிஜானில் ஆசெக் மிமோசா கிளப்பின் அகாடமியில் ஆட்டம் பழகியவர் அவர். பெல்ஜியம், உக்ரைன், கிரீஸ், அப்புறம் மொனாக்கோ என்று சுற்றிவிட்டு 2007-இல்தான் பார்சிலோனா வந்தார். அங்கே ஷாவியும் இனியெஸ்டாவும் மெஸ்ஸியும் ஏறிப் போகும்போது யாராவது பின்னால் காவல் நின்றாக வேண்டும், அது இவர் தலையில் விழுந்தது. 2009-இல் ரோமில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் சென்டர் பேக்காகவே, அதாவது கோலுக்கு முன்னால் நிற்கும் நடுத் தடுப்பாளராகவே ஆடினார், மான்செஸ்டர் யுனைடெட்டை 2-0 என்று வென்றார்கள். ஆனால் அதே காவல் இடத்தில் ஆடும் புஸ்கெட்ஸ் தலையெடுத்ததும் இவருக்கு இடம் சுருங்கியது.

2010-இல் சிட்டிக்கு வந்தபோது பயிற்சியாளர் மான்சினி செய்தது எளிய காரியம்: தடுப்பு வேலையை டி யோங், கேரத் பாரி இருவரிடமும் விட்டுவிட்டு இவரை முன்னால் அனுப்பினார். ஆறடிக்கு மேல் உயரம், பந்தோடு ஓட ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். 2011-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் யுனைடெட்டுக்கு எதிராகவும் இறுதியில் ஸ்டோக் சிட்டிக்கு எதிராகவும் விழுந்த ஒரே கோல் இவருடையதுதான். 35 வருஷம் கழித்து சிட்டிக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை அது.

20 கோல் சீசனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், அதில் பெனால்டியும் ஃப்ரீ கிக்கும் உண்டு. என்னைக் கேட்டால் 2012 மே 6-ஆம் தேதி நியூகாசிலில் நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். ஆட்டம் 0-0, ஜெயிக்காவிட்டால் லீக் பட்டம் கை நழுவிவிடும். இரண்டாம் பாதியில் முன்னேறி ஆடும் நஸ்ரியை எடுத்துவிட்டு டி யோங்கை இறக்கினார் மான்சினி. கோல் வேண்டிய நேரத்தில் தடுப்பு ஆட்டக்காரரா என்று தோன்றும், ஆனால் அதனால்தான் டூரே முன்னால் போக முடிந்தது, இரண்டு கோலும் அவரே அடித்தார். அடுத்த வாரமே சிட்டி சாம்பியன்!

கேள்வி: சொந்த நாட்டுக்காக எதுவும் ஜெயித்தாரா?

பதில்: ஜெயித்தார், ரொம்பக் காக்க வைத்து. 2006, 2012 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிகள் இரண்டும் பெனால்டி உதைகளில் தோல்வியாகப் போயின. 2014 உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோதே தம்பி இப்ராஹிம் இறந்தார், அந்தத் துக்கத்தோடுதான் கிரீஸுக்கு எதிராக இறங்கினார். அணியின் பெரிய நட்சத்திரம் துரோக்பா ஓய்வு பெற்ற பிறகு, 2015-இல் இவர் கேப்டனாக இருந்த அணி பாட்டா நகரில் கானாவை பெனால்டியில் 9-8 என்று வென்றது. கடைசி உதையை அடித்தது கோல்கீப்பர் பூபக்கர் பாரி (சிட்டியின் பாரி வேறு ஆள்)!