கிறிஸ்தவர்களுக்கு உண்மையான ஆவிக்குரிய ஞானம் இன்று எப்படி இருக்கும்?

"ஜெபியுங்கள், வேதம் வாசியுங்கள், ஆவியானவர் நடத்துவார்" என்று சொன்னால் அது சரியான பதில்தான். ஆனால் மகளுக்கு வந்த வரனை ஏற்பதா, ஊழியத்துக்காக வேலையை விடுவதா, கூட்டத்தில் சொல்லப்பட்ட தீர்க்கதரிசனத்தை நம்பிக் கடன் வாங்குவதா என்று தவிக்கிறவருக்கு அது போதாது. நடத்தியது ஆவியானவர்தானா, தன் ஆசைதானா என்பதே அவருடைய சிக்கல். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். கிபியோனில் சாலொமோன் கேட்டது என்ன? பழைய தமிழ் வேதாகமம் அதை "நன்மை தீமை இன்னதென்று வகையறுக்கவும்" என்று சொல்கிறது (1 இராஜாக்கள் 3:9). வகையறுப்பது என்றால் கலந்து கிடப்பதைப் பிரித்துப் பார்ப்பது. அதற்காக அவர் கேட்டதைத் தமிழில் "ஞானமுள்ள இருதயம்" என்று படிக்கிறோம். எபிரெயத்தில் இருப்பது "கேட்கிற இருதயம்". அதே அதிகாரத்தில் அடுத்து வரும் வழக்கைப் பாருங்கள். ஒரு குழந்தை, இரண்டு தாய்மார், சாட்சி யாரும் இல்லை. முந்தின கனவில் தேவனோடு பேசிய ராஜாவுக்கு, "குழந்தை இன்னாருடையது" என்று இன்னொரு கனவு வரவில்லை. அவர் இருவரையும் பேசவிடுகிறார். பிறகு "இவள் இப்படிச் சொல்லுகிறாள், அவள் அப்படிச் சொல்லுகிறாள்" என்று இரு பக்கத்தையும் தன் வாயால் திரும்பச் சொல்கிறார் (23ஆம் வசனம்). அதற்குப் பிறகுதான் பட்டயம் வருகிறது, பிள்ளையை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுங்கள் என்கிறார். அந்தச் சோதனையில் உண்மையான தாய் யார் என்பது, தன் உரிமையை விட்டுக்கொடுத்தாவது பிள்ளை பிழைக்கட்டும் என்று நினைத்த மனதில் வெளிப்பட்டது.

என் முழுப் பதிலும் இதிலிருந்துதான் கிளைக்கிறது. ஆவிக்குரிய ஞானம் என்பது மற்றவர்களுக்குக் கிடைக்காத ரகசியத் தகவல் நமக்குக் கிடைப்பது அல்ல. கேட்டு, சோதித்து, வகையறுக்கத் தெரிவதே ஞானம். எபிரெயர் 5:14 அதைப் "பழகின ஞானேந்திரியங்கள்" என்கிறது. தேவனிடம் கேட்டால் தருவார் என்று யாக்கோபு 1:5 வாக்களிக்கிறது. கொடுக்கப்பட்டது நம் கையில் பழகவும் வேண்டியிருக்கிறது. பழக்கம் விட்டால் போயும்விடும். அதே சாலொமோன் முதிர்வயதில் விழுந்ததை 1 இராஜாக்கள் 11ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது.

ஒருவரிடம் இருப்பது பரத்திலிருந்து வந்த ஞானமா என்று பார்க்க யாக்கோபு 3:17 ஒரு அளவுகோல் தருகிறது: சுத்தம், சமாதானம், சாந்தம், இணக்கம், இரக்கமும் நற்கனிகளும், பட்சபாதமின்மை, மாயமின்மை. "போதகராகாதிருப்பீர்களாக" என்று தொடங்கும் அதிகாரம் இது என்பதை மறந்துவிடக் கூடாது. போதிக்கிறவர்களை அளக்கும் கோல் இதுதான். இதில் நாம் அதிகம் கவனிக்காமல் தாண்டும் சொல் "இணக்கம்". கிரேக்க மூலத்தில் அது, எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளும் தன்மையைக் குறிக்கிறது. ஆகவே ஆலோசனைக்காக ஒரு போதகரிடமோ மூப்பரிடமோ போகுமுன் ஒன்றைக் கவனியுங்கள். அவர் செய்த தவறை யாராவது சொன்னால் என்ன நடக்கிறது? சபைக் கணக்கைக் கேட்டவர் அடுத்த மாதமும் அதே சபையில் நிம்மதியாக உட்கார முடிகிறதா?

இந்த இடத்தில் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று வாயை அடைப்பார்கள். சங்கீதம் 105ஐத் திறந்து 12ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். அங்கே அபிஷேகம் பண்ணப்பட்டவர்கள் கொஞ்சப் பேராக, பரதேசிகளாக ஊர் ஊராய்த் திரிந்த முற்பிதாக்கள். "தொடாதே" என்று கடிந்துகொள்ளப்பட்டவர்கள் ராஜாக்கள். பலவானிடமிருந்து எளியவனைக் காக்கச் சொல்லப்பட்ட வசனத்தை, எளியவன் பலவானைக் கேள்வி கேட்காதபடி திருப்பிப் பிடிக்கிறோம். சவுலைக் கொல்ல மறுத்த தாவீதுகூட, கெபிக்கு வெளியே நின்று சவுலைக் கூப்பிட்டு அவன் அநியாயத்தை எடுத்துச் சொன்னார். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகவே கண்டித்தார் (கலாத்தியர் 2). கேள்வி கேட்பது கலகம் அல்ல.

அடுத்தது தீர்க்கதரிசனம். நம் சபைகளில் அதிகமானவர்கள் காயப்படுவது இங்கேதான், அதனால் இங்கே சற்று நின்று பார்ப்போம்.

எரேமியா 28. யூதாவின் மக்களைப் பாபிலோனுக்குக் கொண்டுபோன முதல் பெரிய சிறையிருப்பு (கி.மு. 597) நடந்து சில ஆண்டுகள். கிபியோன் ஊர்க்காரன் அனனியா ஆலயத்தில் எழுந்து, இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தரின் பெயரால் சொல்கிறான். எரேமியாவின் முதல் பதில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக". எரேமியாவுக்கும் அந்த நல்ல செய்தி வேண்டும்தான். ஆனாலும், சமாதானம் சொல்கிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவனைக் கர்த்தர் அனுப்பினார் என்று விளங்கும் என்கிறார். பாபிலோனுக்கு அடிபணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைக்கிறான். அப்போது எரேமியா என்ன செய்தார்? "தன் வழியே போனான்", அவ்வளவுதான். பதிலுக்குச் சொல்லப் புதிய வார்த்தை வராதபோது அவர் இட்டுக்கட்டவில்லை. வார்த்தை பிறகு வந்தது, பிறகு போய்ச் சொன்னார். எனக்குத் தெரிந்தவரை வேதத்தில் ஞானத்துக்கு இதைவிடத் தெளிவான காட்சி குறைவு.

அடுத்த அதிகாரத்தில்தான், டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையில் அடிக்கடி வரும் எரேமியா 29:11 இருக்கிறது: "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது, அதைக் கேட்ட பெரியவர்கள் பலர் திரும்பிவரப் போவதில்லை. ஐந்தாம் வசனத்திலிருந்து வரும் கட்டளையும் அதற்கேற்றதுதான்: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்யுங்கள், பாபிலோன் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். இரண்டு வருஷம் என்று நம்பினவன் வீடு கட்டியிருக்க மாட்டான். இந்த வருஷமே கடன் முழுக்கத் தீரும் என்று மார்ச் மாதத்தில் இன்னொரு கடன் வாங்குகிறவரின் நிலையும் இதுவே. அட்டையை எடுப்பதில் தவறில்லை. எடுத்தபின் அந்த அதிகாரம் முழுவதையும், முடிந்தால் முன்னும் பின்னும் ஒவ்வொரு அதிகாரத்தையும் படித்துவிட்டு, யார் யாரிடம், எந்த நிலைமையில் இதைச் சொன்னார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இருபது நிமிட வேலை.

யாராவது உங்களிடம் "கர்த்தர் சொல்லச் சொன்னார்" என்றால் இப்படிச் செய்யலாம். சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி போட்டு அன்றே எழுதிவையுங்கள். மனம் ஒரு வாரத்தில் அதைத் தனக்கு வேண்டியபடி மாற்றிவிடும். பெயரையும் தெருவையும் சரியாகச் சொன்னார் என்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். சொன்ன அடையாளம் நடந்தாலும் அது வேறு தேவர்களிடம் இழுத்தால் கேளாதே என்கிறது உபாகமம் 13. பிலிப்பியில் குறிசொன்ன பெண் பவுலைப் பற்றிச் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை, ஆனாலும் பவுல் அந்த ஆவியைத் துரத்தினார் (அப்போஸ்தலர் 16). தகவல் சரியாக இருப்பது ஒன்று, அனுப்பியவர் யார் என்பது வேறு. இன்று நம் பெயர், ஊர், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பேஸ்புக்கிலேயே கிடக்கின்றன.

பிறகு, இதனால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். திதாக்கே என்னும் மிகப் பழைய சபைக் கையேடு ஒன்று உண்டு, 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. ஊர் ஊராகச் செல்லும் ஊழியர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்று அது கண்டிப்பாகச் சொல்கிறது. புறப்படும்போது அவர் வாங்கக்கூடியது வழிக்கு அப்பம் மட்டும். ஆவியில் நிறைந்து "எனக்குப் பணம் கொடு" என்றால் கேட்காதே. வறுமையில் இருக்கும் வேறொருவருக்காகக் கேட்டால் அவரை நியாயந்தீர்க்காதே. இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் இந்த விதியில் மாற்ற ஒன்றுமில்லை.

அவசரமும் ரகசியமும் சேர்ந்து வந்தால் நின்றுவிடுங்கள். "இன்றே விதை (அதாவது காணிக்கை கொடு), கணவரிடம் சொல்லாதே" என்பது வகையறுக்கவிடாத பேச்சு. தீர்க்கதரிசிகள் பேசலாம், "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்று 1 கொரிந்தியர் 14:29 சபைக்கே அந்த வேலையைக் கொடுத்திருக்கிறது. உங்களை நேசிக்கிற, அந்த ஊழியருக்குக் கடமைப்படாத இரண்டு பேரிடம் எழுதிவைத்ததைக் காட்டுங்கள். அதே சமயம், ஏமாந்தவர்கள் எல்லாவற்றையும் தூக்கி எறிவதும் உண்டு. தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதே என்றும், எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்றும் பவுல் ஒரே மூச்சில்தான் சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21).

சுகம் பெற்றதாகச் சொல்லி மருந்தை நிறுத்துவதைப் பற்றி மிகுந்த பாரத்தோடு சொல்கிறேன். குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசுவே, "போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி" என்றார். லேவியராகமம் 13, 14இல் ஆசாரியன் பார்த்து, ஏழு நாள் அடைத்துவைத்து, மறுபடி பார்த்துத் தீர்மானிக்கும் முறை இருக்கிறது. சுகம் சோதனைக்குப் பயப்படாது. ஆகவே ஜெபத்துக்குப் பின் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், மருந்தைக் குறைப்பதை மருத்துவர் சொல்லட்டும். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதமாவது மருந்து உண்டு. பலருக்கு இரண்டாம் மாதமே இருமல் நின்று உடம்பு தேறிவிடும். அங்கே நிறுத்தினால் மீந்த கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பக்கூடும். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்தை எறிவதுதான் விசுவாசம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் வைத்தியம் சொன்னார், அவன் விசுவாசத்தைக் குறைசொல்லவில்லை.

சரி, வரன், வேலை, ஊழியம் போன்ற சொந்த முடிவுகள்? இதற்கு நான் பார்த்தவற்றில் நுணுக்கமான வழிமுறை, கத்தோலிக்கர் இஞ்ஞாசியார் என்று அழைக்கும், இயேசு சபையை நிறுவிய லொயோலா இக்னேஷியஸ் தந்தது. அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றன. சீர்திருத்தச் சபையினர் அவர் பெயரைக் கேட்டதும் ஒதுங்க வேண்டியதில்லை, முறை எல்லாருக்கும் உதவும். பாவமான ஒன்றைச் செய்யலாமா என்று தேர்ந்தெடுக்க உட்காரவே கூடாது, நல்லவற்றுக்கு இடையில்தான் தேர்வு என்பது அவருடைய முதல் நிபந்தனை. மாற்ற முடியாதபடி ஏற்கெனவே எடுத்த முடிவை, திருமணத்தைப் போன்றதை, மறுபடி மேஜைக்குக் கொண்டுவரக் கூடாது. பின்பு தராசு முள் நடுவில் நிற்பதுபோல் மனம் இரு பக்கமும் சாயாமல் நிற்கும்படி ஜெபிக்கச் சொல்கிறார். ஒரு வாரம் ஜெபித்தும் முள் ஒரே பக்கம் இழுத்தால், நாம் கேட்பது நடத்துதலை அல்ல, அனுமதியை.

அதன்பின் நான்கு பட்டியல்: செய்தால் வரும் நன்மை, செய்தால் வரும் ஆபத்து, செய்யாவிட்டால் வரும் நன்மை, செய்யாவிட்டால் வரும் ஆபத்து. இரண்டோடு நிறுத்துவதே பொதுவான தவறு. மூன்றாவதும் நான்காவதும்தான் மறைந்திருந்த பயத்தை வெளியே கொண்டுவரும். முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் அவருக்கு என்ன சொல்வீர்கள் என்றும், மரணப் படுக்கையில் எதைத் தேர்ந்தெடுத்திருக்க விரும்புவீர்கள் என்றும் கேட்டுப் பார்க்கச் சொல்கிறார். கடைசியில் முடிவை ஜெபத்தில் தேவன்முன் வைத்து அவர் உறுதிப்படுத்தும்படி கேட்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு, அதை எவ்வளவு சொன்னாலும் தகும்: மனம் வறண்டு, ஜெபம் கசந்து, எல்லாம் இருண்டு கிடக்கும் நாட்களில் முந்தின நல்ல தீர்மானத்தை மாற்றாதே. சபையில் சண்டை வந்த ஞாயிறு இரவில் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்.

அடுத்தவர் துக்கத்திலும் வழக்கிலும் காட்டும் ஞானத்துக்கு இரண்டு வரி போதும். முதலில் பேசுகிறவன் நீதிமான்போல் தோன்றுவான் என்று நீதிமொழிகள் 18:17 எச்சரிக்கிறது, ஆகவே மற்றவரையும் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் எதையும் பகிராதீர்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள்.

இவ்வளவு செய்தும் தவறுமா? தவறும். அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடியவர்கள் மிகவும் தர்க்கம் செய்து, பேதுருவின் அனுபவத்தைக் கேட்டு, பர்னபாவையும் பவுலையும் கேட்டு, ஆமோஸின் வசனத்தோடு ஒப்பிட்டு, "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். அதே அதிகாரத்தின் கடைசியில், பம்பிலியாவில் பாதியில் விட்டுப் போன மாற்குவைச் சேர்ப்பதா என்ற வாக்குவாதத்தில் பவுலும் பர்னபாவும் பிரிந்துபோகிறார்கள். பவுல் மாற்குவை வேண்டாம் என்றார். அவருடைய கடைசிக் கடிதத்தில், காவலில் இருந்துகொண்டு தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்.