தீப்பிடித்த வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படும் முன்: கேள்வி பதில்

கொழும்பில் காப்புறுதி இழப்பு மதிப்பீட்டாளராக நீண்டகாலம் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு, எனக்கு வந்த சில கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, வெள்ளவத்தையில் எங்கள் நான்காம் மாடி வீட்டின் சமையலறை எரிந்துவிட்டது. தீயணைப்புப் படையினர் சென்றுவிட்டார்கள். இன்றிரவே உள்ளே போய் நகைகளையும் கடவுச்சீட்டுகளையும் எடுக்கலாமா?

இன்றிரவு போகாதீர்கள், அம்மா. மெத்தைக்குள்ளும் சீலிங்குக்கு மேலும் அலுமாரிக்குப் பின்னாலும் கனல் மணிக்கணக்காக உறங்கிக் கிடந்து மறுபடி மூளக்கூடும். புகை மணம் கூடினாலோ சுவர் சுட்டாலோ தயங்காமல் 110ஐ அழையுங்கள். விடிந்த பின், பிரதான சுவிட்ச் நிறுத்தப்பட்டிருப்பதையும் காஸ் சிலிண்டர் வெளியேற்றப்பட்டிருப்பதையும் உறுதிசெய்துகொண்டு, இருவராக, மூடிய சப்பாத்து அணிந்து, டோர்ச்சுடன் செல்லுங்கள். மெழுகுதிரி வேண்டாம். தீயணைக்க அடித்த நீர் கீழ்மாடிகளுக்கும் இறங்கியிருக்கும் என்பதால், கட்டட முகாமையாளருக்கும் கீழ்வீட்டாருக்கும் உடனே அறிவித்துவிடுங்கள்.

கொட்டாஞ்சேனையில் பழைய வீடு. அஸ்பெஸ்டோஸ் கூரையில் பாதி போய்விட்டது. தெஹிவளையில் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். வீட்டைத் துப்புரவாக்கிவிட்டுப் பூட்டலாமா?

பூட்டுங்கள், ஆனால் துப்புரவாக்காதீர்கள். எரிந்த வீடு உங்கள் உடைமையாக இருப்பதோடு, தீ எப்படி மூண்டது என்பதற்கான சாட்சியாகவும் நிற்கிறது. பொலிஸார் முறைப்பாட்டைப் பதிந்து, தேவையெனக் கருதி அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தை அழைத்தால், அவர்கள் தேடுவது சுவரில் விரிந்து மேலேறிய கரித் தடத்தையும், செருகியபடியே உருகிப்போன ஒரு ப்ளக்கையும் போன்றவற்றைத்தான். நல்லெண்ணத்துடன் வரும் உறவினர்கள் விளக்குமாற்றால் முதலில் கூட்டித் தள்ளுவதும் அவற்றையே என்பதைப் பலமுறை வருத்தத்துடன் பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் அறையையும் நான்கு மூலைகளிலிருந்தும் படமெடுத்து, முறைப்பாட்டின் பிரதியைப் பெற்று, காப்புறுதி நிறுவனத்துக்கு அன்றே அறிவித்துவிட்டுத்தான் எதையும் நகர்த்த வேண்டும்.

ஆனால் மழை காத்திருக்காது. கூரையில்லாத வீட்டில் ஒரு மாலை மழை, தீ விட்டுவைத்ததையும் அழித்துவிடும் என்பதால், தெரிந்த மேசனைக் கொண்டு தறப்பாளை இறுக்கிக் கட்டுவியுங்கள்; உடைந்த யன்னல்களுக்குத் தகரமோ ப்ளைவுட்டோ அறையச் செய்யுங்கள். மேலும் சேதமாகாமல் காப்பது உங்கள் கடமை என்றே பொதுவாகக் காப்புறுதி ஒப்பந்தங்கள் கூறுகின்றன. ஆகவே அந்தச் செலவின் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். அஸ்பெஸ்டோஸ் தகடுகள் சூட்டில் வெடித்துச் சிதறியிருக்கும். அவற்றின் தூசு நுரையீரலுக்குக் கேடு. உலர்ந்த நிலையில் கூட்டவோ உடைக்கவோ வேண்டாம், பிள்ளைகளை அருகில் விடவும் வேண்டாம்.

கதவுப் பூட்டு சூட்டில் இளகியிருந்தால் அதை நம்பாமல் புதிய கொண்டியும் ஆமைப்பூட்டும் போடுங்கள். திறப்பு ஒன்றை நம்பிக்கையான அயலவரிடம் கொடுத்து, யார் எப்போது உள்ளே சென்றார்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வீடு ஆளில்லாமல் கிடக்கும் என்பதைப் பொலிஸ் நிலையத்திலும் கிராம அலுவலரிடமும் தெரிவிப்பது நல்லது. பெறுமதியான பொருள் எதையும் உள்ளே விட்டுச் செல்லாதீர்கள். செப்பு வயருக்காகவே எரிந்த வீடுகளுக்குள் புகுபவர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் வாடகைக்கு இருந்தவர்கள். வீட்டுக்காரர் திறப்பைக் கேட்கிறார்.

உங்கள் பொருட்களைப் படமெடுத்துப் பட்டியலிட்டு, அதில் அவருடைய கையொப்பத்தைப் பெறும்வரை கொடுக்க வேண்டாம். முற்பணம், வாடகை பற்றிப் பேசுவதை வாய்ப்பேச்சாக விடாமல் திகதியிட்ட கடிதமாக எழுதுங்கள். பொதுவாக அவருடைய காப்புறுதி கட்டடத்துக்கே உரியது. உங்கள் தளபாடங்களை அது ஈடுசெய்யும் என்று எண்ணியிருந்து ஏமாற வேண்டாம்.

தற்காலிகமாக ஓர் அனெக்ஸ் பார்க்கிறோம். ஒரு வருட முற்பணம் கேட்கிறார்கள்.

திருத்த வேலை எவ்வளவு காலம் எடுக்கும் என்று ஒப்பந்தகாரர் எழுதித் தரும்வரை அப்படி ஒப்புக்கொள்ளாதீர்கள். அதுவரை உறவினர் வீடு, அல்லது மாத அடிப்படையில் ஒரு லொட்ஜ் போதும். சில காப்புறுதிகளில் மாற்றுத் தங்குமிடச் செலவும் அடங்கும். ஒப்பந்தத்தை வாசித்து, நிறுவனத்தின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள். பிள்ளைகளின் பாடசாலைக்குக் கிட்டிய இடத்தைத் தேடுங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். வீட்டை இழந்த பிள்ளைக்கு அந்த வகுப்பறையாவது மாறாமல் இருக்கட்டும்.

அடையாள அட்டை, காணி உறுதி, கொஞ்சம் பணம் எல்லாம் கருகிவிட்டன.

அடையாள அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியுடன் கிராம அலுவலரிடம் செல்லுங்கள். உறுதி எரிந்ததால் உரிமை எரிந்துவிடாது. காணிப் பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதி பெறலாம், எழுதிய நொத்தாரிசிடமும் அவர் தம்மிடம் வைத்திருக்கும் பிரதி இருக்கக்கூடும். கருகிய பணத்தாள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முயலாமல், கிடந்தபடியே ஒரு பெட்டியில் பஞ்சின்மேல் வைத்து மத்திய வங்கிக்குக் கொண்டு செல்லுங்கள். எஞ்சிய பகுதியைப் பார்த்தே அவர்கள் தீர்மானிப்பார்கள் என்பதால், உதிர்ந்த துண்டுகளையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.