சிகரெட் பங்கை மனம் ஒப்பவில்லை என்றால்

கேள்வி: எங்கள் அப்பா சுருட்டுப் பிடித்துப் பிடித்தே தொண்டைப் புற்றுநோயில் போனவர். என் சேமிப்பில் 8 இலட்சம் ரூபாவைப் பங்குச் சந்தையில் போடலாம் என்றிருக்கிறேன். சிகரெட் கம்பனியின் பங்கை வாங்கு, பங்குலாபம் நன்றாக வரும் என்கிறான் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. "காசு போடுகிற இடத்தில் என்ன பாவ புண்ணியம்?" என்று கேட்கிறான். இப்படி யோசிப்பது நான் மட்டுமா? ஒதுக்கினால் நட்டமா? - வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்கள் மட்டும் அல்ல. நெதர்லாந்தில் ரீடல், ஸ்மீட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே ஆராய்ந்து 2017 இல் எழுதினார்கள். முதலீட்டாளர்களிடம் கேள்வி கேட்டதோடு நிற்காமல், அவர்களுடைய உண்மையான முதலீட்டுக் கணக்குகளையும் எடுத்துப் பார்த்தார்கள். சமூகப் பொறுப்புள்ள நிதியங்களில், அதாவது பலரின் காசைச் சேர்த்து, தீங்கான தொழில்களை ஒதுக்கிப் பங்கு வாங்கும் நிதியங்களில், காசு போட்டவர்களில் பலர், லாபம் குறைவாகத்தான் வரும், கட்டணமும் கூடுதல் என்று எண்ணிக்கொண்டேதான் போட்டிருந்தார்கள். அவர்களைத் தள்ளிய பெரிய காரணம் பிறர் மீதான அக்கறை. தன் முதலீட்டைப் பற்றி நாலு பேரிடம் பேசிக்கொள்ளும் விருப்பமும் கொஞ்சம் இருந்தது. ஆகவே சந்தைக்கு வருகிற எல்லோருமே லாபம் ஒன்றுக்காகத்தான் வருகிறார்கள் என்ற தம்பியின் கணக்கு சரியில்லை.

ஆனால் நட்டம் பற்றிய உங்கள் பயத்தில் நியாயம் உண்டு. புகையிலை, மது, சூதாட்டக் கம்பனிகளின் பங்குகள் அவற்றோடு ஒப்பிடத்தக்க மற்றப் பங்குகளைவிடக் கூடுதல் வருமானம் தந்திருக்கின்றன என்று 2009 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பலர் ஒதுக்குவதால் விலை தணிந்து கிடக்கிறது, அதனால் வாங்கியவருக்கு வருமான வீதம் கூடுகிறது என்பதே விளக்கம். நாளையும் அப்படியே நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. என்றாலும் கொஞ்சம் விலை கொடுக்க நேரலாம் என்பதைத் தெரிந்துகொண்டே ஒதுக்குங்கள். பங்குலாபத்தில் 15 சதவீதம் வரியாகக் கழிந்த பிறகுதான் கைக்கு வரும். தம்பி சொல்லும் வீதத்தை அதைக் கழித்துப் பாருங்கள்.

இனி நீங்கள் உங்களிடமே ஒன்று கேட்க வேண்டும். "அந்தக் காசு என் வீட்டுக்குள் வரக்கூடாது" என்பதா உங்கள் எண்ணம்? அல்லது "அந்தத் தொழில் தளர வேண்டும்" என்பதா? முதலாவது என்றால், வாங்காமல் விட்டாலே போதும், காரியம் முடிந்தது. இரண்டாவது என்றால், வாங்காமல் விடுவதால் மட்டும் அது நடக்காது. பங்குச் சந்தையில் நீங்கள் வாங்குவது இன்னொருவர் விற்கிற பங்கை. உங்கள் பணம் அவருக்குப் போகிறதே தவிர, கம்பனிக்கு ஒரு சதமும் போவதில்லை. புதிய பங்கு வெளியீடு, உரிமைப் பங்கு (இருக்கிற பங்குதாரருக்கே கம்பனி விற்கும் புதிய பங்கு), தொகுதிக்கடன் (கம்பனி பொதுமக்களிடம் வட்டிக்கு வாங்கும் கடன்) ஆகியவற்றில்தான் காசு நேரே கம்பனியின் கைக்குப் போகிறது. நல்ல தொழிலுக்கு உதவ விரும்பினால் பார்க்க வேண்டிய இடம் அதுதான். 2024 இல் டி.எஃப்.சி.சி. வங்கி கொழும்புச் சந்தையில் பட்டியலிட்ட பசுமைத் தொகுதிக்கடன், அதாவது சுற்றுச்சூழலுக்கு நல்ல திட்டங்களுக்காக வாங்கும் கடன், ஓர் எடுத்துக்காட்டு. இத்தகைய வெளியீட்டில், திரட்டிய பணம் எந்தத் திட்டங்களுக்குப் போனது என்ற அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

"பசுமை" என்ற சொல்லுக்கு மட்டும் மயங்காதீர்கள். 1,000 டொலருக்கு அரை டொன் கரியமிலவாயுவைக் குறைக்கும் நிதியம், 5 டொன் குறைக்கும் நிதியம் என இரண்டைக் காட்டி ஓர் ஆய்வு செய்தார்கள். பலன் பத்து மடங்கு கூடியும், முதலீட்டாளர்கள் கூடுதலாகக் கொடுக்கத் தயாராயிருந்த தொகை பெரிதாக மாறவில்லை. மனநிறைவு கிடைத்ததுமே நாம் அளவு பார்ப்பதை விட்டுவிடுகிறோம். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கொழும்புச் சந்தையில் இன்னொரு சிக்கல், பல தொழில்களை ஒரே குடையின்கீழ் வைத்திருக்கும் கூட்டுக் கம்பனிகள். சாராயம் வேண்டாம் என்று டிஸ்டிலரீஸ் பங்கை விட்டுவிட்டு மெல்ஸ்டாகோர்ப் பங்கை வாங்கினால், டிஸ்டிலரீஸின் தாய்க் கம்பனியையே வாங்கியிருப்பீர்கள். ஆகவே பெயரைப் பார்க்காமல் ஆண்டறிக்கையைத் திறங்கள். பங்குச் சந்தையின் வலைத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முன்பக்கப் படங்களையும் தலைவரின் செய்தியையும் தாண்டி, நிதிக்கூற்றுக் குறிப்புகளில் "துறைவாரித் தகவல்" என்ற அட்டவணைக்குப் போங்கள். மொத்த வருமானம் 100 ரூபா என்றால் அதில் மதுவுக்கு எத்தனை, ஹோட்டலுக்கு எத்தனை என்று அங்கே தெரியும். வேண்டாத தொழிலின் வருமானம் எத்தனை சதவீதம் வரை இருந்தால் பொறுப்பீர்கள் என்ற எல்லையை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஷரியா முறை (இஸ்லாமிய நெறிப்படி நடக்கும்) நிதியங்கள் பல 5 சதவீதத்தை எல்லையாகக் கொள்கின்றன. நீங்களும் அப்படி வைக்கலாம், பூச்சியமும் வைக்கலாம். எழுதி வைக்காவிட்டால், விலை ஏறும் நாளில் எல்லையும் சேர்ந்து நகரும்.

தேயிலைக் கம்பனிப் பங்கு என்றால் காடு, தண்ணீர் பற்றிய சான்றிதழ்களோடு திருப்திப்படாதீர்கள். 2024 இல் நாள் சம்பளத்தை 1,700 ரூபாவாக்க வர்த்தமானி வந்தபோது பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. நீங்கள் பார்க்கிற கம்பனி அதில் எந்தப் பக்கம் நின்றது, லயன் வீடுகளுக்கு என்ன செய்தது என்று தேடுங்கள். எங்கள் சனங்களின் முதுகில் நிற்கிற தொழில் அது. மரம் நட்ட கணக்கு அதற்கு ஈடாகாது. சந்தை மதிப்பில் முதல் 100 கம்பனிகள் 2025 ஜனவரி முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு நிலைபேண் தகவல்களை (சுற்றுச்சூழல், சமூகம் போன்றவை பற்றியவை) புதிய கணக்கீட்டு நியமங்களின்படி வெளியிட வேண்டும். எனவே இனி ஒப்பிடுவது கொஞ்சம் எளிது.

வடிகட்டியபின் பட்டியல் சிறுத்துவிடும். அதற்காக 8 இலட்சத்தையும் இரண்டு பங்குகளில் கொட்டாதீர்கள். நாலைந்து துறைகளில் பிரியுங்கள், அல்லது ஒரு பகுதியை, பலரின் காசைச் சேர்த்து முதலிடும் யூனிட் ட்ரஸ்டில் போடுங்கள். போடுமுன் அவர்களின் மாதாந்தத் தகவல் தாளில் கூடுதலாக வைத்திருக்கும் பங்குகள் எவை என்று பாருங்கள். ஷரியா முறை யூனிட் ட்ரஸ்ட்களும் இங்கே உண்டு, அவை வட்டித் தொழிலான வழமையான வங்கிகளையும் ஒதுக்கிவிடும். தரகும் மற்றக் கட்டணங்களும் சேர்ந்து வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போதும் அதே அளவு. 8 இலட்சத்துக்கு வாங்கி விற்றால் ஏறக்குறைய 18,000 ரூபா போய்விடும். ஆகவே மனம் மாறி மாறி விற்று வாங்காமல், படித்து முடித்த பிறகே வாங்குங்கள்.

தொழில் திருந்த வேண்டும் என்பதே உங்கள் எண்ணமாயிருந்தால், நீங்கள் திருத்த விரும்பும் ஒரு கம்பனியில் 100 பங்காவது வாங்கி ஆண்டுப் பொதுக் கூட்டத்துக்குப் போங்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் பங்குதாரர் கேள்வி கேட்கலாம். கேள்வியை முன்கூட்டியே கம்பனிச் செயலாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள், "இந்த வருடம் எத்தனை லயன் அறைகள் தனி வீடுகளாயின?" என்பதுபோல எண்ணிச் சொல்லக்கூடிய ஒன்றாக.